லோ விசில் தேர்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அயர்லாந்து மரபிசை பற்றி இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டின் விசில் என்ற ஆறு துளைத் தகரக்குழலின் நீண்ட, தாழ்ந்த குரல் வடிவமான லோ விசில் வாங்குவதைப் பற்றியே கேட்டிருந்தன. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளைச் சேர்த்து, இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு கருவிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஓராண்டாக டின் விசில் வாசித்து வருகிறேன். அடுத்ததாக லோ விசில் வாங்க விரும்புகிறேன். விற்பனைப் பட்டியல்களில் லோ டி, லோ எஃப், லோ ஜி எனப் பல சுருதிகள் காணப்படுகின்றன. ஐரிஷ் மரபிசைக்கு எது ஏற்றது?

தயக்கமின்றி லோ டி (டி, எஃப், ஜி என்பவை அடி ஸ்வரத்தைக் குறிக்கும் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). நீங்கள் இப்போது வாசிக்கும் டி சுருதி டின் விசிலுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது இது. ஆறு துளைகளையும் மூடி ஊதும்போது டின் விசிலில் ஏறத்தாழ 587 ஹெர்ட்ஸில் கேட்கும் டி ஸ்வரம், லோ டியில் ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸில் கேட்கும். எந்தத் துளையை எப்போது மூடுவது என்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனவே நீங்கள் இதுவரை கற்ற மெட்டுகள் அனைத்தும் அப்படியே கைகொடுக்கும்.

ஐரிஷ் ஆட்ட மெட்டுகளில் பெரும்பங்கு டி மேஜர், ஜி மேஜர் ஆகிய இரண்டிலும், அவற்றின் ஸ்வரங்களையே கொண்ட ஈ டோரியன், ஏ டோரியன், ஏ மிக்ஸோலிடியன், பி மைனர், ஈ மைனர் போன்ற ஸ்வர வரிசைகளிலும் அமைந்திருக்கிறது. இத்தனை பெயர்கள் இருந்தாலும் விரல்களைப் பொறுத்தவரை இவை இரண்டே கூட்டங்கள்தான்: சி ஷார்ப் வரும் மெட்டுகள் ஒரு கூட்டம், சி நேச்சுரல் (அதற்கு அரைஸ்வரம் கீழே உள்ளது) வரும் மெட்டுகள் மற்றொன்று. டி விசில் இவ்விரண்டையும் எந்தத் துளையையும் பாதி மூடாமலே பெரும்பாலும் தந்துவிடுகிறது. மேலும், ஐரிஷ் மரப்புல்லாங்குழலுக்கும், கான்சர்ட் சுருதியில் அமைந்த இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் காற்றுப்பைக் கருவியில் மெட்டு வாசிக்கும் சான்டர் குழலுக்கும் அடி ஸ்வரம் இதே டிதான். ஆகவே அக்கருவிகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகுபவருக்கு, கேட்ட ஸ்தாயியிலேயே திருப்பி வாசிக்கும் வசதி லோ டியில் கிடைக்கிறது.

லோ எஃப் மிக இனிமையான கருவி. தனியாக வாசிக்கும் மெதுவான மெட்டுகளுக்கு அதை விரும்பாதவர் குறைவு. ஆனால் டி மெட்டுக்கான விரல்களை அதில் வைத்தால் ஒலி எஃப் மேஜரில் வரும். சுற்றிலும் பிடிலும் அக்கார்டியனும் டியில் வாசித்துக்கொண்டிருக்கும் செஷனில் (பலர் கூடி வாசிக்கும் அமர்வில்) அது உதவாது. லோ ஜியும் அப்படியே. அதன் அடி ஸ்வரம் ஜி என்பதால், கீழ் டி வரை இறங்கும் மெட்டுகள் அதில் இயல்பாக உட்காராது. ஆனாலும் கைவிரிப்பைப் படிப்படியாகப் பழக்கிக்கொள்ள விரும்புபவருக்கு லோ ஜி நல்ல இடைப்படி. அதைப் பற்றிக் கைகள் குறித்த கேள்வியில் கூறியிருக்கிறேன்.

டின் விசிலைக் கைவிட்டுவிடாதீர்கள். புதிய மெட்டை அதில் மனப்பாடம் செய்து, பிறகு லோ டிக்குக் கொண்டு போவதுதான் விரைவான வழி.

கேள்வி: லோ விசில் ஐரிஷ் மரபில் எவ்வளவு பழைமையானது? ஒரே மாதிரியான வடிவம் ஏன் இல்லை?

இக்கருவியின் இன்றைய வடிவம் மிகவும் இளமையானது. இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் 1843-இல் தகரத்தகட்டில் விசில்களைச் செய்யத் தொடங்கினார். டின் விசிலின் பரவலான வரலாறு அங்கிருந்து கணக்கிடப்படுகிறது. லோ விசிலோ 1970-களின் தொடக்கத்தில் உருவானது. பைப்ஸ் கலைஞரான ஃபின்பார் ஃபியூரி வைத்திருந்த இந்திய மூங்கில் விசில் ஒன்று உடைந்துபோக, அதற்கு மாற்றாக ஒன்றைச் செய்ய முயன்ற பெர்னார்ட் ஓவர்டன் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர், 1971-ஆம் ஆண்டளவில் உலோகக் குழலில் விசில் தலையைப் பொருத்தினார். அவர் தொடர்ந்து செய்த அலுமினியக் குழல்களிலிருந்தே இன்றைய லோ விசில் வளர்ந்தது. பின்னர் மூவிங் ஹார்ட்ஸ் குழுவிலும், 1990-களில் ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் ஆட்ட நிகழ்ச்சியின் இசையிலும் டேவி ஸ்பில்லேன் வாசித்ததன் வழியாக உலகெங்கும் இதன் குரல் அறிமுகமாயிற்று.

இந்த இளமைதான் தேர்வைக் கடினமாக்குகிறது. மரப்புல்லாங்குழலுக்கு 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் குழல்கள் முன்மாதிரியாக நின்றன. பிடிலுக்கு அதைவிடப் பழைய வார்ப்பு இருக்கிறது. லோ விசிலுக்கு அப்படி எல்லோரும் ஏற்ற முன்மாதிரி எதுவும் உறுதிப்படவில்லை. குழலின் உட்குறுக்களவு, துளைகளின் பருமன், தலைப்பகுதியில் மூச்சு நுழையும் காற்றுப்பாதையின் உயரம் என ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கைவினைஞரும் தம் சொந்த முடிவை எடுத்திருக்கிறார். அதனால் இரண்டு லோ டி விசில்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தும், ஊதும்போது இரண்டு வெவ்வேறு கருவிகளாக நடந்துகொள்ளலாம். ஒருவருக்குப் பொருந்தியது மற்றவருக்குப் பொருந்தாமல் போவதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: மெதுவான ஏர் (உருக்கமாக நிதானித்து வாசிக்கும் மெட்டு) ஒன்றின் ஒலிப்பதிவில் கேட்ட, மூச்சுக்காற்று கலந்த அந்தக் கனத்த குரலில் மனத்தைப் பறிகொடுத்தேன். அதே குரல் உள்ள விசிலைத்தான் வாங்க நினைக்கிறேன். என் நோக்கம் மரபிசைதான், குறிப்பாக ரீல், ஜிக் என்னும் விரைவான ஆட்ட மெட்டுகள். குரலை வைத்துத் தேர்ந்தெடுப்பது சரியா?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். லோ விசில் வாங்கி ஏமாற்றமடைபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

முதலில், ஒலிப்பதிவில் கேட்கும் குரலில் ஒரு பகுதி மட்டுமே விசிலுடையது. மைக்கை எவ்வளவு நெருக்கமாக வைத்தார்கள், எதிரொலி எவ்வளவு சேர்த்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வாசித்தவரின் மூச்சு எப்படிப்பட்டது என்பவை மீதிப் பகுதி. அதே விசிலை நீங்கள் வீட்டு அறையில் ஊதினால் அந்தக் குரல் வராது.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. மெதுவான ஏரில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நேரம் இருக்கிறது. ஸ்வரம் சற்றுத் தாமதித்துப் பிறந்தாலும் அது உணர்ச்சியாகவே கேட்கும். ரீலில் அந்தச் சலுகை கிடையாது. இயல்பான செஷன் வேகத்தில் 32 பார்கள் (தாள அலகுகள்) கொண்ட ஒரு ரீல் அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்வரங்களும், இடையிடையே கட், டேப், ரோல் ஆகிய அலங்காரங்களும் வந்து போகின்றன. கட் என்பது ஒரு விரலைக் கணநேரம் தூக்கி வைப்பது. டேப் என்பது திறந்த துளையைக் கணநேரம் தட்டி மூடுவது. இவ்விரண்டும் ஒரே ஸ்வரத்துக்குள் அடுத்தடுத்து வந்தால் அது ரோல். இவை தனி ஸ்வரங்களாகக் கேட்காமல், ஓசையில் ஒரு சிறு முடிச்சாக மட்டுமே கேட்க வேண்டும். அதற்கு விசில் உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். நீளமும் அகலமும் உள்ள குழலில் காற்றுத்தம்பம் அசைந்து கொடுக்க டின் விசிலைவிட நேரம் பிடிக்கும் என்பதால், பதில் சொல்லும் வேகம்தான் ஆட்ட மெட்டுக்கான லோ விசிலின் முதல் தகுதி என்று நான் கருதுகிறேன். குரலின் அழகை அதற்கு அடுத்தபடியாகவே வைப்பேன்.

எனவே கருவியைச் சோதிக்கும்போது ஏர் வாசிக்காதீர்கள். விரல்களுக்கு நன்கு பழகிய ஒரு ரீலை, நீங்கள் டின் விசிலில் வாசிக்கும் வேகத்தைவிடச் சிறிது குறைத்து வாசித்துப் பாருங்கள். அதன்பின் சில இடங்களைத் தனித்தனியே சோதியுங்கள்.

அடி டியை மெல்லிய மூச்சில் தொடங்கிச் சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். நல்ல விசிலில் அந்த ஸ்வரம் முதலில் தடித்து, ஓரங்களில் கரகரப்பு ஏறி, அதன் பிறகே மேல் ஸ்தாயிக்குத் தாவும். தொட்டவுடன் தாவிவிடும் அடி டி ஆட்ட மெட்டுக்குப் பயன்படாது. இதற்கு இன்னும் கடுமையான சோதனை கிரான். அடி டியில் எல்லாத் துளைகளும் மூடியிருப்பதால் அங்கே தட்டி மூட வேறு துளை இல்லை. ஆகவே ரோலுக்குப் பதிலாக, பைப்ஸ் கலைஞர்களிடமிருந்து வந்த கிரான் என்ற முறையில், வெவ்வேறு விரல்களால் அடுத்தடுத்துக் கட் வைப்பார்கள். அடி டி பலவீனமான விசிலில் கிரான் வாசித்தால் ஸ்வரம் உடைந்து கீச்சென்று மேலே ஓடும். உங்களுக்கு இன்னும் கிரான் வராவிட்டால், அடி டியை ஊதியபடியே மேல் கையின் மோதிர விரலையும் கீழ்க் கையின் ஆள்காட்டி விரலையும் மாறி மாறித் தூக்கி வையுங்கள். ஸ்வரம் குலையாமல் நின்றால் போதும்.

அடுத்து, நாக்கால் தட்டாமல் மூச்சின் அழுத்தத்தை மட்டும் மாற்றிக் கீழ் ஈ, மேல் ஈ, மீண்டும் கீழ் ஈ என்று தாவுங்கள். இதையே ஜியிலும் செய்யுங்கள். மேலே போவது எல்லா விசிலிலும் எளிது. திரும்பிக் கீழே வரும்போது ஸ்வரம் எவ்வளவு விரைவில் நிலைக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிறகு மேல் ஸ்தாயியின் ஏ, பி இரண்டையும் தொடர்ந்து நாலைந்து முறை வாசியுங்கள். அவற்றுக்காக மூச்சை முழு வலுவோடு தள்ள வேண்டியிருந்தால், ஒரு மெட்டின் இரண்டாம் பகுதி முழுவதும் மேலேயே சுற்றும்போது உங்கள் மூச்சு தீர்ந்துவிடும்.

கடைசியாகச் சி நேச்சுரல். முதல் துளையைத் திறந்து, அதற்குக் கீழுள்ள இரண்டு துளைகளை மூடி ஊதுவது வழக்கமான முறை. சில விசில்களில் அது சுருதி சேர்ந்து வரும். வேறு சிலவற்றில் கீழ்க் கையின் ஒரு விரலையும் சேர்த்து வைக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் எந்த விரலை வைத்தாலும் சற்று உயர்ந்தே நிற்பதால், முதல் துளையைப் பாதி மூடி வாசிப்பதைத் தவிர வழியில்லை. ஜி மேஜர், ஏ டோரியன் மெட்டுகளில் இந்த ஸ்வரம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே சி நேச்சுரல் எளிதாக வராத விசிலை, குரல் எவ்வளவு அழகாக இருந்தாலும், மரபிசைக்காக வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இனி மூச்சைப் பற்றி. காற்றுப்பாதை குறுகலாக இருந்தால் ஊதும்போது எதிரழுத்தம் அதிகமாக உணரப்படும். மூச்சு மெதுவாகச் செலவாகும். ஆனால் அழுத்தித் தள்ள வேண்டும். அகன்ற காற்றுப்பாதை எளிதில் ஊத இடம் தரும். ஆனால் மூச்சை வாரி விழுங்கிவிடும். முதல் வகையில் குரலை அழுத்தத்தால் வளைக்கவும் தடிக்கவும் வைக்கலாம், இரண்டாம் வகையில் காற்றோசை கலந்த மென்மை கிடைக்கும். நீங்கள் விரும்பிக் கேட்ட குரல் பெரும்பாலும் இந்த இரண்டாவதாக இருக்கக்கூடும். அதை ரீலில் பயன்படுத்தும்போது இரண்டு பார்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க நேர்ந்தால் மெட்டின் ஓட்டம் அறுபடும். உங்கள் நுரையீரலுக்கும் மெட்டின் சொற்றொடர்களுக்கும் நடுவே உடன்பாடு ஏற்படுத்தும் விசில் எதுவோ அதுவே உங்களுக்குரியது. இதை நேரில் ஊதிப் பார்க்காமல் முடிவு செய்வது கடினம். கூடியவரை, லோ விசில் வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்டு இரண்டு மூன்று வகைகளை ஊதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் கைகள் சிறியவை. லோ டியின் துளைகளை விரல்கள் எட்டுமா? வாங்கிய பின் பயன்படாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

இந்த அச்சம் பலருக்கும் உண்டு. பெரும்பாலும் அது விரல் நுனிகளால் துளைகளை மூட முயல்வதால் வருவது. லோ டியின் ஒலிக்கும் நீளம் 58 சென்டிமீட்டரை ஒட்டி அமைகிறது. இது டின் விசிலைப் போல இரு மடங்கு. துளைகளின் இடைவெளியும் அதற்கேற்ப விரிகிறது. கீழ்க் கையின் முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை 6 முதல் 7 சென்டிமீட்டர் வரை இருப்பது வழக்கம். விரல்களை வளைத்து நுனியால் இதை மூடப் பார்த்தால் நடுத்தரக் கையும் தோற்கும்.

பைப்ஸ் கலைஞர்கள் பிடிக்கும் முறையில் விரல்களை நேராக, தட்டையாக நீட்டி, நுனிக்குப் பதிலாக விரலின் நடுக்கணுப் பகுதியின் சதையால் துளைகளை மூட வேண்டும். குட்டையான மோதிர விரல் மட்டும் நுனிச்சதையால் மூடினாலும் சரியே. கை குழலுக்கு நேர்க்குறுக்காக நிற்காமல் சற்றுச் சாய்ந்து வரும். மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்க வேண்டும். கீழ்க் கையின் கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே, குழலின் அடிப்பக்கத்தில் தளர்வாக வைத்தால் விரிப்பு எளிதாகும். துளையை இறுக அழுத்துவதால் எந்தப் பயனும் இல்லை. அழுத்தும் விரல் மெதுவாகவே எழும்பும், வலியும் வரும். வலி வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.

வாங்குவதற்கு முன்பே சோதிக்க ஒரு வழி உண்டு. கைவினைஞர்கள் பலர் துளை இடைவெளி அளவுகளை வெளியிடுகிறார்கள். இல்லையெனில் கேட்டால் தருவார்கள். ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வெளிக்குறுக்களவுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் அந்த அளவுகளைக் குறித்து, ஒவ்வொரு குறியின் மேலும் துளையின் பருமனுக்கு வட்டமாகக் கத்தரித்த தடித்த ஸ்டிக்கரை ஒட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை வைத்தால், எந்த விரல் வட்டத்தின் ஓரத்தை விட்டு நகர்கிறது என்பது தொடுவுணர்விலேயே தெரிந்துவிடும். தொடர்ந்து பத்து நிமிடங்கள் பிடித்து, ஒரு மெட்டின் விரல்களை ஊதாமலே ஓட்டிப் பாருங்கள்.

உண்மையிலேயே எட்டவில்லை என்றால் வழிகள் இருக்கின்றன. சில விசில்களில் கீழ்க் கையின் மோதிர விரல் துளையை நேர்க்கோட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளி வைத்திருப்பார்கள். இந்தச் சிறு மாற்றம் பலருக்குப் போதுமானது. அடிப்பகுதியை நோக்கிக் குறுகிச் செல்லும் கூம்பு வடிவக் குழல்களில் துளைகள் சற்று நெருங்கி அமையும். நேர்க்குழலிலும் துளையைச் சிறிதாக்கி மேலே நகர்த்த முடியும். ஆனால் துளை சிறுத்தால் அந்த ஸ்வரத்தின் ஒலியும் அடங்கிப் போகும். விரிப்பு மிகவும் குறைவு என்று விளம்பரப்படுத்தப்படும் விசிலில் ஈ ஸ்வரத்தையும் எஃப் ஷார்ப்பையும் ஊதிக் கேட்டு, அவை பக்கத்து ஸ்வரங்களுக்கு ஈடாக ஒலிக்கின்றனவா என்று பாருங்கள்.

இவை எதுவும் உதவாவிட்டால் லோ ஜியில் இந்தப் பிடிப்பைச் சில மாதங்கள் பழகிவிட்டு லோ டிக்கு வரலாம். சிறுவர்களுக்கு நான் எப்போதும் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: பாலிமர் விசிலுக்கும் கையால் செய்த அலுமினிய விசிலுக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடுகிறது. உலோகத்தின் ஒலி அவ்வளவு உயர்ந்ததா? எந்தக் கைவினைஞர்களைக் கவனிக்கலாம்?

ஒலியைப் பெரும்பாலும் முடிவு செய்வது குழல் எதனால் ஆனது என்பதல்ல. தலைப்பகுதி எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதே. காற்றுப்பாதையிலிருந்து வெளிவரும் காற்று மோதிப் பிளவுபடும் விளிம்பின் கூர்மை, அதற்கும் காற்றுப்பாதையின் வாய்க்கும் உள்ள தொலைவு, இரண்டும் எந்த உயரத்தில் நேர்கொள்கின்றன என்பவையே குரலையும் பதில் சொல்லும் வேகத்தையும் தீர்மானிக்கின்றன. அங்கே மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கு மாறினாலும் ஊதுபவருக்குத் தெரிந்துவிடும். கூடுதல் விலையில் பெரும்பங்கு அந்த வேலைக்கும், ஒவ்வொரு விசிலையும் ஊதிப் பார்த்துச் சுருதி சேர்க்கும் உழைப்புக்கும் உரியது. மற்றபடி பொருள் என்பது எடைக்கும் கைக்கும் உரிய விஷயம். பித்தளை கனக்கும். அலுமினியம் இலேசானது, ஆனால் குளிரில் உதட்டைக் கடிக்கும். பாலிமர் இலேசாகவும் இதமாகவும் இருக்கும்.

முதல் லோ விசிலாக டோனி டிக்சனின் பாலிமர் விசில் நியாயமான தொடக்கம். குரல் அடக்கமானது. மூச்சுக்கு அதிகத் தொல்லை தராது. அமெரிக்காவின் சூசாட்டோ பிளாஸ்டிக் விசில் உரத்தும் தெளிவாகவும் பேசும். அதில் காற்றோசை குறைவு என்பதால் சிலருக்கு அது ரெக்கார்டர் என்ற குழலிசைக் கருவியைப் போலத் தோன்றும். ஓவர்டன் மரபில் வந்த அலுமினிய விசில்களை அவருக்குப் பின் ஜெர்மனியில் காலின் கோல்டி செய்துவந்தார். ஊதுபவரின் மூச்சுக்கு ஏற்ப மென்மை, நடுத்தரம், கடினம் எனக் காற்றுப்பாதையை மாற்றித் தந்தது அவருடைய சிறப்பு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உருவான எம்கே விசில்கள் ஆட்ட மெட்டு வாசிப்பவர்களிடையே பெரிதும் பரவியிருக்கின்றன. அடி டி வலுவாகவும் தடித்தும் நிற்பது அதற்கு முக்கியக் காரணம். பில் ஹார்டியின் சீஃப்டன், கெர்ரி விசில்களும், அமெரிக்காவின் மைக்கேல் பர்க்கின் விசில்களும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை. பர்க்கின் விசில்கள் இரு ஸ்தாயியிலும் ஒரே சீராக ஊத இடம் தருவதால், டின் விசிலிலிருந்து வருபவருக்கு அந்நியமாகத் தோன்றாது.

இவற்றில் எதையும் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்த நான் விரும்பவில்லை. எதிரழுத்தம் அதிகமுள்ள விசில் அனுபவமுள்ளவர் கையில் மகத்தான கருவி. புதியவருக்கு அதுவே முதல் சில மாதங்களைச் சோர்வாக்கிவிடலாம். என் ஆலோசனை இதுதான்: விலை குறைந்த, எளிதில் ஊதக்கூடிய ஒன்றில் பிடிப்பையும் மூச்சையும் பழகிக்கொள்ளுங்கள். ரோல்கள் தெளிவாக வரத் தொடங்கிய பிறகு, உங்களுக்கு என்ன குறைகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்போது கைவினை விசிலுக்குச் செலவிடுங்கள்.

பயன்படுத்திய விசில்களையும் தாராளமாக வாங்கலாம். தேய்ந்துபோகும் பாகங்கள் இதில் அநேகமாக இல்லை. விளிம்பில் நெளிவோ பள்ளமோ இல்லாமலும், தலைப்பகுதி இறுகச் சிக்கிக்கொள்ளாமல் நகர்வதாகவும் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: சுருதியை மாற்றக்கூடிய தலைப்பகுதி அவசியமா? ஒரே துண்டாக உள்ள விசில் விலை குறைவாக இருக்கிறது.

பிறரோடு சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் அவசியம். வெப்பம் ஏற ஏறக் காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால், ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் விசிலின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் உயர்கிறது. அரைஸ்வர இடைவெளி 100 சென்ட் என்று கொண்டால், குளிர்ந்த அறையில் எடுத்த விசில் பத்து டிகிரி சூடேறும்போது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அரைஸ்வரம் மேலே போய்விடும். அக்கார்டியனும் கான்சர்ட்டினாவும் தம் சுருதியை மாற்றிக்கொள்ள முடியாதவை. நீங்கள்தான் அவற்றோடு சேர வேண்டும். தலையை வெளியே இழுத்தாலோ உள்ளே தள்ளினாலோ இது நொடியில் முடியும். இரண்டாகக் கழற்றிப் பையில் வைக்க முடிவது கூடுதல் வசதி.

கேள்வி: செஷனில் என் லோ விசில் எனக்கே கேட்பதில்லை. இன்னும் உரத்த விசில் வாங்க வேண்டுமா?

டின் விசிலின் ஒலி மற்றக் கருவிகளுக்கு மேலே தனியாக மிதப்பதால் எளிதில் கேட்கிறது. லோ டியோ பிடிலும் புல்லாங்குழலும் உலவும் அதே ஸ்தாயியில் இருப்பதால் அவற்றோடு கலந்து மறைகிறது. விசிலின் வாய்த்திறப்பு உங்கள் முகத்துக்குக் கீழே முன்னோக்கி இருப்பதால், எதிரில் இருப்பவருக்கு உங்களைவிட நன்றாகவே கேட்கக்கூடும். முதலில் எதிர் வரிசையில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடத்தில் அமர்ந்தால் சிறிது மாற்றம் தெரியும். பத்துப் பதினைந்து பேர் கூடும் பெரிய செஷனில் எந்த லோ விசிலும் அடங்கித்தான் போகும். அங்கே டின் விசிலை எடுத்துக்கொள்வது நல்லது. நாலைந்து பேர் கூடும் சிறிய செஷனில்தான் லோ விசிலின் அடிக்குரல் மற்றவர்களுக்கும் மகிழ்ச்சி தரும். உரத்த விசிலைத் தேடிப் போனால் மூச்சுச் செலவும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வாசிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் ஒலி அடைத்துக்கொள்கிறது. விசில் பழுதா?

பழுது இல்லை. மூச்சிலுள்ள ஈரம், குளிர்ந்த காற்றுப்பாதையில் துளிகளாகப் படிந்து வழியை அடைக்கிறது. குறுகிய காற்றுப்பாதை உள்ள உலோக விசில்களில் இது அதிகம். வாசிப்பதற்கு முன் தலைப்பகுதியைக் கைக்குள்ளோ அக்குளிலோ சில நிமிடங்கள் வைத்துச் சூடேற்றுங்கள். பாதிப்பு பெருமளவு குறையும். நடுவில் அடைத்துக்கொண்டால், ஒலி பிறக்கும் திறப்பை விரலால் மூடிக்கொண்டு ஒருமுறை பலமாக ஊதுங்கள், துளிகள் வெளியேறிவிடும். விளிம்பின் மேல் விரல் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொல்லை தொடர்ந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்து காற்றுப்பாதை வழியே ஓடவிட்டு, அலசாமல் உலரவிடுங்கள். சோப்பின் படலம் நீரைத் துளியாகத் திரளவிடாமல் மெல்லிய ஏடாகப் பரப்பிவிடும். சில வாரங்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். காற்றுப்பாதைக்குள் ஊசியையோ கம்பியையோ விடவே கூடாது.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். தனி விசில் தேவையா?

துளைகள் ஒரே நேர்க்கோட்டில் உள்ள எந்த விசிலையும் எந்தக் கையை மேலே வைத்தும் வாசிக்கலாம். தள்ளி வைத்த துளை உள்ள வகையை வாங்குவதானால் மட்டும், இடக்கைக்கு ஏற்பச் செய்து தருமாறு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.